விற்கப் போகும் கிராமத்து வீடு: குவாசுலு-நட்டால் கரையோர வீடுகளில் கோளாறை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

ஓய்வுக்காலத்துக்கென்று தென்னாப்பிரிக்காவின் உம்சிண்டோ, டோங்காட், குவாடுகூசா பக்கம் கரும்புக்காட்டு ஓரமாக வீடு வாங்கியவர்கள், பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்கோ சொந்த ஊருக்கோ திரும்புவது என்று தீர்மானித்ததும் முதலில் கூப்பிடுவது பெயிண்டரை. உண்மையில் அவர் கடைசியாக வரவேண்டிய ஆள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அடித்த பெயிண்ட் அடுத்த மழைக்காலத்தில் உப்பிவிடும். வாங்க வருகிறவரின் கண்ணும் புதுப் பெயிண்ட் அடித்த இடத்தில்தான் நிற்கும்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சொத்து முகவர் சட்டப்படி, வீட்டின் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட அறிவிப்புப் படிவம் இல்லாமல் முகவர் விற்பனைப் பொறுப்பை ஏற்க முடியாது. ஒப்பந்தத்தில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' ஷரத்து, அதாவது இருக்கிற நிலையிலேயே விற்பது என்ற ஷரத்து இருந்தாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு அது காப்பாகாது. ஆகவே இரண்டே வழிதான்: காரணத்தை நீக்குங்கள், நீக்க முடியாததைப் படிவத்தில் எழுதுங்கள்.

கரையோரத்தில் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. மே முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காலம். சுவர் உலர்த்துவது, கூரை வேலை, பெயிண்ட் எல்லாம் அந்த நான்கு மாதத்துக்குள் அடங்க வேண்டும். வரைபட அனுமதி, பத்திரம், வரி சம்பந்தமான வேலைகளுக்கு மட்டும் பருவம் கிடையாது. அவற்றை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். கடைசிப் பகுதி அவற்றைப் பற்றியது.

சுவரின் அடிப்பகுதியில் காரை உப்பி உதிர்கிறது

கையை வைப்பதற்கு முன் கறையின் உயரத்தையும் வடிவத்தையும் பாருங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள், ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஒரு கோடு, கோட்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. ஜன்னலின் கீழ் மூலையில் ஆரம்பிக்கும் கறை என்றால் ஜன்னல் படியில் விரிசல். சுவர் நடுவே வட்டமாக இருந்தால் உள்ளே போகும் குழாய். எல்லாக் குழாயையும் மூடி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அலமாரிக்குப் பின்னாலும் மூலைகளிலும் கறுப்புப் புள்ளிகளாகப் பூத்தால் அது பூஞ்சை, காற்றோட்டக் குறை.

இன்னும் சந்தேகமாக இருந்தால் 30 செ.மீ. சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். பின்பக்கம் நனைந்திருந்தால் சுவரின் ஈரம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் தெற்குச் சுவர் நன்றாகக் காயும் என்று நினைத்துவிடக் கூடாது. தெற்கு அறைகளில்தான் பூஞ்சை முதலில் வரும்.

ஏறும் ஓதம் என்று உறுதியானால் மருந்தைத் தேடாமல் வெளியே போய் அதே சுவரின் அடியைப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும். உள் தரைமட்டத்தைவிட வெளி மண் குறைந்தது 150 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பூச்செடிக்குக் கொட்டிய மண்ணும், பிறகு போட்ட நடைபாதைக் கல்லும் ஈரத்தடுப்பு அடுக்கைத் தாண்டி ஏறியிருக்கும். தோண்டி இறக்குங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி விடுங்கள். பாதி வீடுகளில் இதுவே போதும்.

அதன் பிறகு கறைக்கு மேலே 300 மி.மீ. வரை காரையைச் செதுக்கிவிட்டுச் செங்கல்லைத் திறந்து வையுங்கள். சுவர் உலரும் வேகம் சுமாராக மாதத்துக்கு 25 மி.மீ. தடிமன். ஒரு காய்ந்த பருவம் முழுவதும் தேவைப்படுவது இதனால்தான். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளேயே போகும். பிறகு சுவர் மூச்சுவிடும்படியான சுண்ணாம்புக் காரை, அதே வகைப் பெயிண்ட். பழைய வீட்டில் ஈரத்தடுப்பு அடுக்கே இல்லையென்றால், அடிவரிசைச் சாந்தில் 12 மி.மீ. துளைகளை 120 மி.மீ.க்கு ஒன்றாகப் போட்டு, நீரை விலக்கும் சிலேன் கிரீம் ஏற்றுவார்கள். உள்பக்கம் டைல்ஸ் ஒட்டுவதும் வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடிப்பதும் ஓதத்தை இன்னும் உயரத்துக்குத் தள்ளும் வேலை. அந்தக் காசைச் செலவழிக்காதீர்கள்.

மழை பெய்தால் சீலிங்கில் கறை

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் தகட்டின் அடியிலும் கைமரத்தின் மேலும் ஓடி வந்து தாழ்ந்த இடத்தில் விழும். ஒருவர் சீலிங்குக்கு மேலே டார்ச்சோடு, இன்னொருவர் ஏணியில் ஹோஸோடு. கூரையின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் கூரை முழுவதும் நனைந்து எது ஓட்டை என்றே தெரியாது.

நெளிதகட்டுக் கூரையில் பார்க்க வேண்டியவை: ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா, தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் ஓரத்தில் துரு இருக்கிறதா, புகைபோக்கியைச் சுற்றிய ஈயத் தகடு எழும்பியிருக்கிறதா. கடற்காற்றில் சாதாரண ஸ்க்ரூ நிற்காது. கரையோரத்துக்கான பூச்சுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பழைய துளை பெரிதாகிவிட்டால் ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ. சிலிக்கான் அடிப்பதானால் டப்பாவில் 'நியூட்ரல்' வகையா என்று பாருங்கள். புளித்த காடி வாடை அடிக்கும் வகை கால்வனைஸ் பூச்சை அரிக்கும்.

கரும்பு எரிக்கும் மாதங்களில் பறந்து வரும் கரித்தூள் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயான கட்டரில் சேறாகப் படியும். முதல் மழைக்கு முன் அதை அள்ளாவிட்டால் கட்டர் நிரம்பித் தண்ணீர் உள்பக்கமாக வழியும், ஓட்டை எதுவும் இல்லாமலேயே சீலிங் நனையும். மழைநீர்த் தொட்டிக்குள் போகும் குழாயையும் அந்த நேரத்தில் கழற்றி, முதல் மழையை வெளியே விட வேண்டும்.

கூரை தகரமாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் தடித்த சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் நிறுத்துங்கள். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் தடை வந்தது 2008இல்தான். அதற்கு முந்தைய ஷீட் எதையும் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். துளை போடுவது, பிரஷ்ஷால் தேய்ப்பது, பிரஷர் மெஷினால் கழுவுவது எதுவும் கூடாது. அகற்றுவதானால் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விட்டு, படிவத்தில் எழுதிவிடுவது பெரும்பாலும் சரியான முடிவு.

குழாயைத் திறந்தால் பம்ப் 'டக் டக்' என்று விட்டு விட்டு ஓடுகிறது

ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ வீட்டுக்குத் தண்ணீர் தள்ளும் பம்புக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் டேங்க் இருக்கும். அதற்குள் ரப்பர்ப் பை, பைக்கு வெளியே காற்று. அந்தக் காற்று குறைந்துவிட்டால் ஒரு குவளை தண்ணீர் எடுத்தாலே அழுத்தம் விழுந்து பம்ப் எழும், உடனே நிற்கும், மறுபடி எழும். பம்ப் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வேண்டியது சைக்கிள் பம்பும் டயர் கேஜும் மட்டும்தான்.

1. டிபி போர்டில், அதாவது வீட்டின் மின் பகிர்வுப் பலகையில், பம்பின் பிரேக்கரை இறக்குங்கள்.
2. அருகிலுள்ள குழாயைத் திறந்து, பிரஷர் கேஜ் சுழிக்கு வரும்வரை தண்ணீரை விட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் அளந்தால் காற்றின் அழுத்தத்தை அல்ல, தண்ணீரின் அழுத்தத்தைத்தான் அளப்பீர்கள்.
3. டேங்கின் முனையில் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் டயர் வால்வு இருக்கும். அதன் ஊசியை ஒரு கணம் அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது. பையை மாற்ற வேண்டும். காற்று மட்டும் வந்தால் அளவைப் பாருங்கள்.
4. பம்ப் எந்த அழுத்தத்தில் எழுகிறதோ அதைவிட 0.2 பார் குறைவாகக் காற்றை ஏற்றுங்கள். 2 பாரில் எழும் பம்புக்கு 1.8 பார்.
5. குழாயை மூடி, பிரேக்கரை ஏற்றுங்கள்.

யாரும் தண்ணீர் எடுக்காதபோதும் பம்ப் தானாக எழுகிறதென்றால் கதை வேறு. எங்கோ கசிகிறது. பிரஷர் டேங்குக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள வால்வை மூடி கேஜைப் பாருங்கள். அழுத்தம் அப்படியே நின்றால் கசிவு வீட்டுப் பக்கம். முதல் சந்தேகம் டாய்லெட் சிஸ்டர்ன். அதில் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டு கால்மணி நேரம் காத்திருங்கள், கீழே நிறம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள். வால்வை மூடியும் அழுத்தம் இறங்கினால் பம்புப் பக்கத்து நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. பெரும்பாலும் ஒரு மணல் துணுக்குதான். கழற்றிக் கழுவினால் போதும்.

பம்ப் எழவே இல்லையா? பிரேக்கரை இறக்கிவிட்டு பிரஷர் ஸ்விட்சின் மூடியைத் திறந்து பாருங்கள். கிராமத்து வீடுகளில் எறும்பு அங்கே கூடு கட்டி, இரண்டு கான்டாக்டுக்கும் நடுவே நசுங்கிக் கருகியிருக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். மோட்டார் 'ம்ம்' என்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அதில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தண்ணீர் பழுப்பாக வருகிறது, அல்லது நாற்றம் அடிக்கிறது

போர்வெல் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து ஒரு மணி நேரத்தில் பழுப்பானால் கரைந்த இரும்பு. முதலில் பழுப்பாக வந்து பிறகு தெளிந்தால் குழாய்த் துரு. அழுகிய முட்டை வாடை சுடுதண்ணீரில் மட்டும் வந்தால் காரணம் கீசருக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பியும் பாக்டீரியாவும். இரண்டு குழாயிலும் வந்தால் போர்வெல். எப்படியிருந்தாலும் விற்பதற்கு முன் எஸ்ஏஎன்எஸ் 241 என்ற தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரப்படி ஆய்வகப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். பாட்டிலை ஆய்வகமே தரும். ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். குடிநீரில் ஈ-கோலை 100 மில்லிக்கு சுழியாக இருக்க வேண்டும். நகரத்திலிருந்து வரும் வாங்குபவரிடம் அந்த ஒரு தாளைக் காட்டினால் தண்ணீரைப் பற்றிய கேள்விகளில் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும்.

சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, டாய்லெட் 'களக் களக்' என்கிறது

ஒரே இடத்தில் மட்டும் என்றால் அந்தக் குழாயில் அடைப்பு. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். வீடு முழுவதும் ஒரே நாளில் மெதுவானால் செப்டிக் டேங்கின் மூடியைத் திறக்க வேண்டும். திறந்ததும் குனியாதீர்கள், பீடி சிகரெட் வேண்டாம், எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒன்றிரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், தூக்கப் போனவரையும் சேர்த்து.

தண்ணீர் மட்டம் வெளியேறும் குழாயின் அடிமட்டத்தில் இருந்தால் டேங்க் சரி, அடைப்பு வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில். மட்டம் அந்தக் குழாயை மூழ்கடித்து நின்றால் டேங்குக்குப் பிறகு உள்ள உறிஞ்சு குழி தண்ணீரை வாங்கவில்லை. நீண்ட கழியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி எடுத்தால் கசடு எவ்வளவு உயரம் என்று துணியே காட்டும். மேலே மிதக்கும் ஆடையும் கீழே படிந்த கசடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

லாரி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் முழு நோயறிதலும் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. டேங்க் காலியானதும் வெளியேறும் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி உள்ளே ஓடிவந்தால் உறிஞ்சு குழி நிரம்பி நிற்கிறது என்று பொருள். டேங்கைக் காலி செய்தது சில வாரத்துக்கு மட்டுமே பயன்படும். ஒன்றும் வராமல் காய்ந்திருந்தால் குழி நலமாக இருக்கிறது, கசடுதான் பிரச்சினை. மழை பெய்த மறுநாள் மட்டும் தொல்லை வருகிறதென்றால் கூரைத் தண்ணீரோ முற்றத்துத் தண்ணீரோ டேங்குக்குள் போகிறது. அந்த இணைப்பை வெட்டி வேறு பக்கம் விட வேண்டும்.

உறிஞ்சு குழி போய்விட்டதற்கு நம் அடுப்படியில் ஒரு காரணம் உண்டு. வடித்த கஞ்சியும் பொரித்த எண்ணெயும் தினமும் சிங்க்கில் போனால், எண்ணெய் குழியின் மண்ணில் தோலாகப் படிந்து தண்ணீரை இறங்கவிடாது. சிங்க்குக்கு வெளியே கொழுப்புத் தொட்டி இல்லாவிட்டால் ஒன்று வையுங்கள். ப்ளீச்சும் ஃபினாயிலும் அதிகம் ஊற்றினால் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியா சாகும். குழியைப் புதிதாக வெட்டுவது செலவுதான். ஆனாலும் விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவதைவிட இதைச் செய்துவிட்டே விற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. சமையலறை பழசாக இருந்தால் வாங்குபவர் பேரம் பேசுவார். கழிவுநீர் வாடை அடித்தால் பேசாமலே போய்விடுவார்.

எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழும், விழுவதுதான் அதன் வேலை. ஒரு காலத்திலும் அதைத் தாண்டி வயர் போடாதீர்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. எல்லா பிரேக்கரையும் இறக்கி, எர்த் லீக்கேஜை ஏற்றுங்கள். நின்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த மின்சுற்றில் கோளாறு. கீசர், வெளிவிளக்கு, பம்ப், கேட் மோட்டார் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள், ஈரம் புகும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். பிரேக்கர் எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால் எங்கோ நியூட்ரல் வயர் எர்த்தைத் தொடுகிறது. சாதாரண பிரேக்கர் நியூட்ரலை வெட்டாது. அது மீட்டர் வைத்துத் தேடும் வேலை.

கீசர் சூடாகவே இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் எலிமெண்டை அளப்பார். 3 கிலோவாட் எலிமெண்டுக்கு 17 முதல் 18 ஓம் காட்ட வேண்டும். அளவே காட்டாவிட்டால் எலிமெண்ட் அறுந்துவிட்டது. அளவு சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும்.

வீட்டை வாங்குபவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க மின் இணக்கச் சான்றிதழ் கட்டாயம். அது இரண்டு ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், சோதனை அறிக்கை இணைந்திருக்க வேண்டும். அறிக்கை இல்லாத சான்றிதழ் வெறும் தாள். மின்வெட்டுக் காலத்தில் போட்ட இன்வெர்ட்டரும் சோலாரும் பழைய சான்றிதழில் இருக்காது. புதிதாக எதையாவது மாட்டுவதானால் அதை முடித்துவிட்டுப் பிறகு சான்றிதழ் வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை காசு. கேஸ் அடுப்பு இணைப்பு இருந்தால் கேஸ் சான்றிதழும், மின்வேலி இருந்தால் அதற்கு ஒன்றும் தனித்தனியாக வேண்டும்.

கீசரின் வெளிக்குழாயிலிருந்து சொட்டுகிறது

சூடாகும் நேரத்தில் கொஞ்சம் சொட்டினால் அது நீர் விரிவடைவது. நாள் முழுக்கக் குளிர்ந்த நீர் வழிந்தால் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வில் மண் சிக்கியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது; 400 கிலோபாஸ்கல் கீசருக்கு 400 வால்வுதான் போட வேண்டும். கொதிநீரோ ஆவியோ வந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது. டிபி போர்டில் கீசரை உடனே இறக்கி, பிளம்பரைக் கூப்பிடுங்கள். சொட்டு நிற்கட்டும் என்று அந்தக் குழாயை அடைப்பவர்கள் உண்டு. அழுத்தம் போக வழியில்லாமல் கீசர் வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

பரிசோதகர் ஏணி ஏறுவதற்கு முன் நீங்களே பார்க்கலாம். கீசருக்கு அடியில் தட்டு, தட்டின் குழாய் வெளியே போகிறதா, குளிர்நீர்க் குழாயில் ஒன்றும் சுடுநீர்க் குழாயில் ஒன்றுமாக இரண்டு வேக்யூம் பிரேக்கர் (வெற்றிடம் உண்டாகாமல் காற்றை விடும் வால்வு), அருகிலேயே மின் ஐசோலேட்டர். பழைய வீடுகளில் இவற்றில் ஒன்றாவது குறையும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது கீசரையும் தண்ணீரையும் நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் முதலில் சுடுநீர்க் குழாயைத் திறந்து, நீர் சீராக வருவதைப் பார்த்த பிறகே கரண்ட் கொடுங்கள். காலிக் கீசரில் எலிமெண்ட் நொடியில் கருகும்.

மரத்துக்கு அடியில் தூள்

கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி வழுவழுவென்று இருந்தால் துளைவண்டு. கசகசா போல மணிமணியாக, பூதக்கண்ணாடியில் ஆறு பட்டையாகத் தெரிந்தால் உலர்மரக் கறையான். டர்பன் வட்டாரத்தில் இது பழைய தொல்லை. மண் குழாய் சுவரில் ஏறியிருந்தால் நிலத்துக் கறையான். தூளைக் கூட்டி அள்ளி, அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். புதுத் தூள் இல்லையென்றால் பழைய சேதம். ஸ்க்ரூடிரைவரால் கைமரத்தைக் குத்தினால் எவ்வளவு ஆழம் போகிறது என்பது மரத்தின் பலத்தைச் சொல்லும்.

மரத்தில் வண்டு இல்லை என்று காட்டும் வண்டுச் சான்றிதழைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கரையோர ஒப்பந்தங்களில் அது வழக்கமாக இருக்கும், வங்கியும் கேட்கும். வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே பரிசோதித்துவிட்டால், தேதி குறித்த பிறகு கூடாரம் போட்டுப் புகையடிக்கும் அவசரம் இருக்காது.

சுவரில் விரிசல்

முடியளவு விரிசல் காரையில் மட்டும் இருப்பது. செங்கல் வரிசையில் படிக்கட்டாக ஏறுவதும், மேலே அகன்று கீழே குறுகுவதும், 5 மி.மீ.க்கு மேல் திறந்ததும் அஸ்திவாரம் நகர்வதைக் காட்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, மழைக்கு முன்னும் பின்னும் அளங்கள். டர்பனைச் சுற்றிய கரையோரத்தில் பெரியா சிவப்பு மணல் என்று சொல்லும் மண் காய்ந்தால் கெட்டி, நனைந்தால் சரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சரிவில் உள்ள வீட்டை வாங்க வருகிறவர் தாங்குசுவரைத்தான் முதலில் பார்க்கிறார். சுவரின் அடியில் நீர் வெளியேறும் துளைகள் அடைபடாமல் இருக்கட்டும். நகரும் விரிசல் என்றால் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை வாங்குங்கள். சிமெண்ட் பூசி மறைத்த விரிசல் பின்னால் வழக்காக வரும்.

கேட் ஒரு சாண் நகர்ந்து நிற்கிறது, மின்வேலி கத்துகிறது

கேட் மோட்டாரில் பெரும்பாலும் பேட்டரிதான் கோளாறு. மெயின் ஸ்விட்சை அணைத்து, கேட் ஓடும்போது பேட்டரியை அளந்து, 12 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். போர்டில் பல்லியோ எறும்போ இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலிக்கு: வேலியின் இரண்டு வயரையும் எனர்ஜைசரிலிருந்து, அதாவது வேலிக்கு மின்சாரம் தரும் பெட்டியிலிருந்து, கழற்றி, அந்தப் பெட்டியை மட்டும் தனியாக அளங்கள். அது சரியென்றால் கோளாறு வேலியில். இருட்டிய பிறகு வேலியோரம் நடந்தால் செடி உரசும் இடமும் வெடித்த இன்சுலேட்டரும் பொறியாகத் தெரியும், 'டிக்' என்று கேட்கும்.

தோட்டத்தில் முளைத்தவை

அந்நிய ஆக்கிரமிப்பு உயிரின விதிகள்படி, பட்டியலில் உள்ள செடிகள் நிலத்தில் இருந்தால் விற்பவர் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உண்ணிச்செடி, குரோமோலீனா, பக்வீட் மூன்றும் வேலியோரத்தில் கேட்காமலே வரும்; அகற்ற வேண்டியவை. வேப்பிலை கிடைக்காமல் அம்மன் வழிபாட்டுக்கு வைத்திருக்கும் சிரிங்கா, அதாவது மலைவேம்பு, அதுவும் பட்டியலில் உண்டு. கொல்லையில் ஒன்று இருந்தால் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

வாங்குபவர் தயார், பத்திரம் நகரவில்லை

வீட்டில் எல்லாம் சரியாகி, காகிதத்தில் சிக்கி மாதக்கணக்கில் நிற்பது வெளிநாட்டுக்காரர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து வழி.

வாங்குபவருக்கு வங்கி கடன் தர மறுத்தால் பெரும்பாலும் காரணம் வரைபடம். பிறகு கட்டிய வராந்தா, கார் நிறுத்தும் கொட்டகை, தனிக் குடில் இவை நகராட்சி அனுமதித்த வரைபடத்தில் இருக்காது. இப்போதே நகராட்சியிலிருந்து வரைபட நகல் வாங்கி வீட்டோடு ஒப்பிடுங்கள். விடுபட்டதை வரைந்து அனுமதி வாங்க மாதங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே தொடங்கச் சொன்னது இதற்குத்தான்.

உரிமைப் பத்திரமே இல்லையென்றால் அது அதைவிடப் பெரிது. நிலம், சூலு மன்னரை அறங்காவலராகக் கொண்ட இங்கொன்யாமா அறக்கட்டளைக்குரியதா என்று பாருங்கள். அங்கே உங்களிடம் இருப்பது குத்தகையோ குடியிருப்பு அனுமதியோதான், சாதாரணப் பத்திர விற்பனை நடக்காது. பத்திரம் இருந்து அசல் தொலைந்திருந்தால் சான்றளித்த நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குத் தனியாகச் சில வாரம் பிடிக்கும்.

நகராட்சிக்குப் பாக்கி இல்லை என்று காட்டும் தீர்வைச் சான்றிதழ் வழங்கிய நாளிலிருந்து 60 நாள்தான் செல்லும். மற்ற காகிதம் தாமதித்தால் அது காலாவதியாகி, மறுபடி கட்ட வேண்டி வரும். மற்றதெல்லாம் கைக்கு வந்த பிறகே அதை வாங்கும்படி பத்திர வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

வரிக்கு: விற்பவர் தென்னாப்பிரிக்க வரிக் குடியாளர் அல்லாதவராக இருந்து விலை 20 லட்சம் ராண்டைத் தாண்டினால், தனிநபர் விற்பனையில் வாங்குபவர் 7.5 சதவீதத்தைப் பிடித்து வருவாய்த் துறைக்குக் கட்ட வேண்டும். இது முன்பணம்தான், இறுதி வரி அல்ல. உங்கள் உண்மையான வரி அதைவிடக் குறைவு என்றால், பணம் கைமாறுவதற்கு முன்பே குறைப்பு உத்தரவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ரசீதுகள் வேண்டும். புது உறிஞ்சு குழி, போர்வெல், கூடுதல் அறை போன்ற மேம்பாடுகள் வீட்டின் அடக்கவிலையில் சேரும். பெயிண்ட், வாஷர், பழுதுபார்ப்பு சேராது. இரண்டையும் ஒரே பில்லில் போடாமல், ஒப்பந்தக்காரரிடம் முதலிலேயே தனித்தனி பில் கேளுங்கள்.

முடிவதற்கு முன்பே நாட்டை விட்டுக் கிளம்புவதானால், கிளம்புவதற்கு முன் பத்திர வழக்கறிஞர் அலுவலகத்திலேயே அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். இந்தியாவிலிருந்து அனுப்புவதானால் நோட்டரி, பிறகு அப்போஸ்டில் என்று வாரங்கள் போகும், ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. பணத்தை வெளியே அனுப்பும்போது வங்கி கேட்பது, வீடு வாங்கிய காலத்தில் அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான வங்கிச் சீட்டு. பத்திரத்தில் வெளிநாட்டவர் என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சீட்டு கையில் இல்லாவிட்டால், அன்று பணம் வந்த அதே வங்கியில் நகல் கேட்டு இன்றைக்கே எழுதிப் போடுங்கள். பழைய கணக்கு விவரங்களை வங்கிகள் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை.